தேர் போக மிஞ்சியது

குளிரையும் படைத்து, அந்தக் குளிருக்கு மாற்றாகிய கனலையும் உள்ளங்கையில் ஏந்தி நின்றாடுகிற ஐயனே, காடும் உன்னுடையது, காட்டுக்குள் நுழைகிற கோடரியும் உன்னுடையது, எரிவதும் எரிப்பதும் எரிந்தபின் சாம்பலாய் எஞ்சுவதும் நீயே. எவரையும் பெயர் சொல்லி அழைக்கும் முன் உன்னை அழைத்தோம். வந்து இந்தக் கதைக்குள் ஓரமாய் உட்கார்ந்துகொள். உன்மீதும் இதிலே கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

உலகம்மை கணப்பின் முன் முழந்தாளிட்டு, பழைய போர்வையில் பொதிந்து கொண்டுவந்த மரத்துண்டுகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வைத்தவள் உடனே அதைக் கணப்பில் இட்டுவிடவில்லை. முதுகுக்குப் பின்னால், கட்டிலில், அவள் கணவர் மேகலிங்கம் மூச்சுவிடுகிற ஓசை கேட்டது. ஈரத்துணியை யாரோ கல்லின்மேல் இழுப்பதுபோல் அது ஒருமுறை இழுத்து, நின்று, மறுமுறை இழுக்குமோ இழுக்காதோ என்று அவளைக் காக்கவைத்து, பிறகு மனமில்லாமல் இழுத்தது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, அறையை மட்டும் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், பாதை திறந்ததும் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார் டாக்டர். அறையை மட்டும்! அந்த ‘மட்டும்’ என்ற சொல்லின்மேல் அவளுக்கு வந்த கோபம் அந்த மனிதர்மேல் வரவில்லை. ஆடி மழை குந்தா மலையின் மேற்குச் சரிவில் பெய்துவிட்டுப் போகிற மழையா, வந்து குடியேறிவிடுகிற மழை. பாதையில் மண் சரிந்து கிடந்தது. மரங்கள் கம்பிமேல் விழுந்து மின்சாரம் போய்விட்டது. மூலையில் இருந்த ஹீட்டர் வாயைப் பிளந்துகொண்டு சும்மா நின்றது. சமவெளி முழுவதற்கும் விளக்கெரிய மின்சாரம் அனுப்புகிற மலை இது. அந்த மின்நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் வாலிபத்தையும் நடுவயதையும் கழித்தவர் இதோ இந்தக் கட்டிலில் கிடக்கிறார். அவர் விரல் அசைவில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் விசிறிக்காற்று வாங்கினார்கள். அவருடைய பாதங்களைச் சூடாக்க இன்று ஒரு கம்பிச்சுருள் சிவக்கவில்லை. பாதங்களைத் தொட்டுப் பார்த்திருந்தாள். அம்மிக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

காலையில் சீகை விறகைத்தான் எரித்துப் பார்த்தாள். மலைக்காரர்கள் எல்லோரும் எரிப்பது அதுதான், வெயில் காலத்தில் நல்ல விறகுதான், ஆனால் மழையில் ஊறிய சீகை எரிவதில்லை, அழுகிறது. நுனியில் நுரை கக்கி, சீறி, அறை முழுதும் புகையை நிரப்பியது. புகைபோக்கி வழியாகப் போக மனமில்லாத புகை நேரே கட்டிலுக்குப் போனது. அவர் இருமிய இருமலில் உதடு நீலம் பாரித்தது. அவள் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்து, புகை போவதற்காகக் குளிரை உள்ளே அழைத்தாள். புகையை விரட்டக் குளிர், குளிரை விரட்டப் புகை. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர். கரிச்சட்டி வைக்கலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வேண்டாம். கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்துத் திரும்ப எழுந்திருக்காதவர்களின் கதை இந்த மலையில் எல்லா வீட்டிலும் ஒன்றுண்டு. காஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள், கஞ்சிக்குத்தான் காணும். அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, காய்ந்த மரம், காய்ந்த மரம், இந்தச் சரிவிலே நனையாமல் காய்ந்து கிடக்கிற மரம் எங்கே இருக்கிறது என்று தனக்குள் சுற்றிச் சுற்றித் தேடினாள். அப்படித் தேடும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மனம் முதலில் தொடவில்லை. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடாததுபோலத் தள்ளி நின்று பார்த்தது. கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில், சுவாமிக்குப் புதுத்தேர் செய்கிற இடத்தில், வேங்கையும் இலுப்பையும் தேக்குமாய் ஒரு சுவரின் உயரத்துக்குக் கழிவுத்துண்டுகள் கிடக்கின்றன. பல கோடை கண்டு உலர்ந்த கடுமரம். எரிந்தால் புகையாது, கனலாகி நெடுநேரம் நிற்கும்.

தேர்மரத்தை எரிக்கலாகாது. அதை அவளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடரி வைப்பதற்கு முன்பே அந்த மரத்துக்குப் பொங்கலிட்டு, அதில் குடியிருக்கிற பூதங்களையும் பறவைகளையும் வேறிடம் போகும்படி கைகூப்பிக் கேட்டு, பிறகுதான் வெட்டுகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து வேர்முதல் நுனிவரை அது சுவாமியின் மரம். தேரில் ஏறியது போக மிஞ்சியதை மேளத்தோடு எடுத்துப்போய் அணைநீரில் விடவேண்டும். வீட்டு அடுப்பில் வைத்தால் குடி விளங்காது என்பார்கள். என்பார்கள் என்ன, என்பார்! அதைத் திருப்பணிக் கூட்டத்தில் எழுந்து நின்று அழுத்தமாய்ச் சொன்னவரே மேகலிங்கம்தான். தச்சர்கள் சீவல்களை மூட்டித் தேநீர் போடுவதைக் கண்டு, அன்று கொட்டகையில் அவர் போட்ட சத்தம் கோயில் மணிக்கு மேல் கேட்டதாம். அதிலிருந்து தச்சர்கள் தேநீருக்குத் தெருமுனைக் கடைக்குப் போகிறார்கள். ஆகவே அவள் நனைந்துகொண்டு போய்க் கேட்டபோது, பெருந்தச்சர் தணிகாசலம் ஸ்தபதி உளியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். “ஐயா எங்கள ஒரு வாய் டீ போடவே விடலையேம்மா,” என்றார். “அந்த ஐயாவுக்குத்தான்,” என்றாள் இவள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். தரலாம் என்றால் நாளை திருப்பணிச் சபைக்கு அவர் பதில் சொல்லவேண்டும். தரமாட்டேன் என்றால் இன்று தமக்குத்தாமே. “எல்லாரும் டீ குடிக்கப் போறோம்மா. இந்த மழையில கதவு நனைஞ்சு உப்பிக் கிடக்கு, சரியாச் சாத்தாது,” என்று சொல்லிவிட்டு, ஆட்களை அழைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்தார். அதைக் கொடுத்ததாகவும் சொல்ல முடியாது. அவள் தன் கையால் எடுத்தாள். கொடுத்ததை வாங்கினேன் என்று நாளைக்கு ஒளிந்துகொள்ள அவளுக்கு இடமில்லை, அது ஒருவகையில் நல்லதாகவே பட்டது. திருட்டென்றால் திருட்டு. முழுதாகத் தன்னுடையது.

“ஏளா உலகு, இது தேர்க்கட்டையால்லா இருக்கு?” நாத்தனார் ஆவுடையம்மாள் கதவருகில் நின்றிருந்தாள். கணவருக்கு மூத்தவள், திருநெல்வேலியிலிருந்து தம்பியைப் பார்த்துப்போக வந்து, பாதை அடைபட்டு இங்கேயே தங்கிவிட்டவள். வந்த நாள்முதல் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மனுஷர் வாழ்கிற ஊரா இது என்று மலையை வைதுகொண்டிருந்தாள். “ஆமா மதினி.” “நம்ம தம்பி என்ன சொல்லியிருக்கான்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?” “ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாம இருக்குமா?” “தெரிஞ்சுமா இதைத் தூக்கிட்டு வந்தே? எங்க வம்சத்துல கோயில் சொத்துல ஒரு துரும்பு எடுத்ததில்லளா.” “உங்க வம்சம் இப்பிடி நடுங்குனதும் இல்ல மதினி. தாமிரவருணித் தண்ணியில குளிச்சுட்டு வெயில்ல காஞ்ச வம்சம்.” ஆவுடையம்மாள் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “நான் இந்த அறைக்குள்ள கால வைக்க மாட்டேன். பாவத்துல எனக்குப் பங்கு கிடையாது, சொல்லிட்டேன்.” “பங்கு கேக்கல மதினி. கஞ்சி மட்டும் பாத்துக்கிடுங்க, அடி பிடிச்சிரும்.” நாத்தனார் போனாள். போகிற காலடியில் கோபம் இருந்தது. ஆனாலும் அவள் திருப்பணிச் சபையில் யாரையும் கூப்பிடப் போகவில்லை, அடுப்படிக்குத்தான் போனாள் என்பதை உலகம்மை காதால் தெரிந்துகொண்டாள்.

கடுமரம் எளிதில் பற்றாது. அதற்கு மரியாதை வேண்டும். இழைப்புச் சுருள்களை அடியில் பரப்பினாள். விரல்பருமனான சிம்புகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கினாள். அதன்மேல் துண்டுகளைக் காற்றுக்கு வழிவிட்டு வைக்கவேண்டும், நெருக்கி வைத்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும், மூச்சு, பின்னால் அந்த ஈரத்துணி மறுபடி நின்றது, அவள் கையும் நின்றது, இழுத்தது, அவளும் அடுத்த துண்டை எடுத்தாள். அது தேர்த்தூணில் அறுத்த வேங்கைமரத்தின் மிச்சம். அதன் ஒரு முகத்தில் அடர்சிவப்பாய் ஒரு கோடு ஓடியது. ரத்தம்! என்று மனம் துள்ளி விலகியது. விலகிய வேகத்தில் துண்டு கைநழுவித் தரையில் மோதிற்று. மரம் ரத்தம் விடுகிறது, சுவாமிமரம், வேண்டாம் உலகம்மை, இப்போதும் கெடவில்லை, போர்வையோடு கட்டித் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடு. பிறகு சிரிப்புப்போல ஒன்று வந்தது. வேங்கையின் பிசின் அல்லவா அது. வெட்டுப்பட்ட இடத்தில் சிவந்து வடிந்து உறைகிற பிசின். அதைக் கரைத்துக் காய்ச்சித்தானே கைக்குழந்தைகளுக்குக் கண்ணேறு படாமல் நெற்றியில் கறுப்புப் பொட்டு வைக்கிறார்கள். இவளுக்கும் வைத்திருப்பார்கள். இந்த வீட்டில் அந்தப் பொட்டை வைப்பதற்கு ஒரு நெற்றி வாய்க்கவில்லை. ஐயனே, வாய்க்கவில்லை என்று அன்று அவள் உன்னிடம் வழக்காடினாளா? திருவிழாதோறும் மாவிளக்கு ஏற்றினாள், பிரகாரம் சுற்றினாள், சரி உன் சித்தம் என்று மெல்ல வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். கேட்காமலே இருந்துவிட்டவளுக்கு இருந்த ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாயோ? இன்று அவளே மனதுக்குள் கேட்டாள்: உமக்குத் தேர். எனக்கு இவர். நீர் அதில் ஆண்டுக்கு ஒரு நாள் ஏறி வீதி சுற்றி வருவீர். எனக்கு இவர் ஒவ்வொரு மூச்சிலும் ஏறி இறங்கவேண்டும். எவருக்கு மரம் அதிகம் வேண்டியிருக்கிறது, நீரே சொல்லும். சாம்பலை மேனி முழுதும் பூசிக்கொள்கிறவர் விறகைக் கண்டு தீட்டென்று சொல்ல மாட்டீர். சொல்கிறவர்கள் எல்லாம் நாங்கள்தான். அணைநீருக்குக் குளிர்கிறதா? அதற்கு எதற்கு இத்தனை மரம்?

கீழே விழுந்த வேங்கையை எடுத்து அடுக்கின்மேல் வைத்தாள். தீப்பெட்டி நமுத்திருந்தது. குச்சியைத் தலைமயிரில் தேய்த்துத் தேய்த்து உரசினாள், மருந்து உதிர்ந்தது. மறுகுச்சியும் உதிர்ந்தது. இதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளேன், என்று உள்ளிருந்து ஒரு குரல் நயமாய்ச் சொன்னது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாய்த் தெரியும். அது பக்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிற பயம். அந்தப் பயம் தெய்வத்தைப் பற்றியதே இல்லை என்பதும் இப்போது, குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. இவர் குளிரில் போய்விட்டால் ஊர் என்ன சொல்லும்? விதி என்னும். நல்ல மனுஷன், மழை முடித்துவிட்டது, பாதை இருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆளாளுக்கு வருந்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். இந்த நெருப்பை மூட்டியபின் போய்விட்டால்? தேர்மரத்தை எரித்தாளாம், அன்றே போய்விட்டாராம். அதோடு தீர்ந்தது. எவரும் சளியையும் குளிரையும் நினைக்கமாட்டார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் கணப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். இந்தத் தெருவில் அவள் இருக்கிற வரை, பிள்ளைகளுக்குச் சொல்லுகிற எச்சரிக்கையாக இருப்பாள். குளிரில் போனால் விதி. கனலில் போனால் உலகம்மை. அவ்வளவுதான் கணக்கு. அப்படியென்றால் இத்தனை நேரம் இந்தத் துண்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு நான் எதை எண்ணிக்கொண்டிருந்தேன்? அவருடைய மூச்சையா, என்னுடைய பெயரையா? இந்தக் கேள்வி வந்ததும் அவளுக்கு முகமெல்லாம் கொதித்தது. அந்த அறையில் அன்று முதன்முதலாகச் சூடானது அதுதான். பெயர் போகட்டும். பெயரை வைத்து யாருடைய காலைச் சூடாக்க முடியும்? அடுத்த குச்சியைத் தேய்த்து, உரசி, பிடித்த சுடரைக் கைக்குள் பொத்திச் சுருளில் வைத்தாள். சுருள் சுருண்டபடியே சிவந்தது. சிம்பு வெடித்தது. வேங்கை நெடுநேரம் யோசித்தது, ஓரங்கள் கறுத்தன, கறுப்புக்குள் ஒரு மெல்லிய மஞ்சள்கோடு ஊர்ந்து போயிற்று, பிறகு அது தன் காலத்தில், ஒரு பெரிய மனுஷர் பந்தியில் வந்து அமர்வதுபோலச் சாவதானமாய், தீயாயிற்று. புகையே இல்லை. புகைபோக்கி ஒருமுறை பெருமூச்சு விட்டு, இழுக்கத் தொடங்கியது.

கட்டிலைக் கணப்பின் பக்கம் இழுத்தாள். போர்வையின் கால்மாட்டைத் தூக்கிவிட்டு, பாதங்களை மடியில் ஏந்தி, தன் கைகளை நெருப்பில் காட்டிக்காட்டி அவற்றைத் தேய்த்தாள். சன்னலில் மழை. எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியாது. துண்டுக்குப்பின் துண்டாகக் கனல் ஏறிக்கொண்டிருந்தது, அறையின் மூலைகளிலிருந்து ஈரம் பின்வாங்கிச் சென்றது, சுவரில் முத்து முத்தாய்ப் பூத்திருந்த நீர் காய்ந்தது. ஒருமுறை ஈரத்துணி வழக்கத்தைவிட நீளமாய் நின்றபோது, போய்விட்டார், ஊர் சொல்லப்போவதே சரி என்று அவளுடைய உடம்பு முழுதும் கல்லானது. பிறகு பெரிதாய் ஓர் இருமல் வந்தது. உள்ளேயிருந்து எதையோ பெயர்த்துக்கொண்டு வந்த இருமல். அவள் தாங்கிப் பிடித்துக் கிண்ணத்தை நீட்டினாள். சளி வந்தது. அதற்குப்பின் வந்த மூச்சு சற்றே அகலமாய் இருந்ததுபோல் தோன்றியது. தோன்றியதை நம்ப அஞ்சி, அடுத்த மூச்சுக்கும் காத்திருந்தாள்.

“என்ன வாசம் இது?” என்றார் மேகலிங்கம்.

கண்ணைத் திறக்கவில்லை. குரல் உமியைப்போல் இருந்தது. “விறகுதான்,” என்றாள். “சீகை இப்பிடி மணக்காதே.” நாசி விடைத்து விடைத்து இழுத்தது, தேர் வேலை தொடங்கிய நாள்முதல் அந்தக் கொட்டகையே கதியென்று கிடந்த மனிதர். “வேங்கை,” என்றார். கண்கள் திறந்தன. “கொட்டகையில எடுத்தியா?” “எடுத்தேன்.” “யாரு குடுத்தா?” “யாரும் குடுக்கல. நானா எடுத்தேன்.” அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வெட்கம் அதிகமாயிருந்தது, அதுதான் அவளைச் சுட்டது. “அணைச்சிரு,” என்றார். இத்தனை ஆண்டுக் குடித்தனத்தில் அவர் அணைச்சிரு என்றால் விளக்கு அணைந்திருக்கிறது, சாத்திரு என்றால் கதவு சாத்தியிருக்கிறது. “அணைக்க மாட்டேன்,” என்றாள் உலகம்மை. “நான் சொல்லுதேன் உலகு.” “நீங்க சொல்லுதது கேக்குது. காலையில உங்க வாயிலயிருந்து ஒரு சொல்லு கேக்கல எனக்கு. இப்ப அதட்டுதது கேக்குது. எதனாலன்னு நெனைக்கிய?” அவர் அணைநீரில் விடப்படும் மரங்களை எண்ணினாரோ, கூட்டத்தில் எழுந்து நின்ற தம்மையே எண்ணினாரோ, சிறுபிள்ளைபோலக் கேட்டார்: “நாளைக்கு எந்த மொகத்தோட அந்தத் தேருக்கு முன்னால போய் நிப்பேன்?” “மொதல்ல நில்லுங்க. மொகத்தைப் பொறவு பாத்துக்கிடலாம்.”

கதவருகில் ஒரு சத்தம். கஞ்சிக்கிண்ணத்தோடு நின்றிருந்த ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது; கம்பளியால் வாயை மூடிக்கொண்டு, “சிவசிவா,” என்று அதை இருமலாக்கப் பார்த்தாள். அக்காளும் இதற்கு உடந்தையா என்று மேகலிங்கத்துக்கு ரோஷம் வந்தது. போர்வையை விலக்கினார். கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அப்படி எழ இன்று காலையில் அவரால் முடிந்திராது என்பதை மூவருமே கண்டார்கள். “நான் வெளியில போறேன். இந்தச் சூடு எனக்கு வேண்டாம்.” உலகம்மை குறுக்கே நிற்கவில்லை. கையும் கொடுக்கவில்லை. “போங்க. மழைதான் பெய்யுது. நானும் கூட வாரேன், ரெண்டு பேரும் நனைவோம். நெருப்பு பாட்டுக்கு இங்க எரிஞ்சுக்கிட்டு கிடக்கட்டும். பாதை தொறந்ததும் சபையில நானே போய்ச் சொல்லுவேன்: எடுத்தது நான், எரிச்சது நான், என் புருஷன் வேண்டாம்னுதான் சொன்னாரு. அபராதமோ பிராயச்சித்தமோ எனக்குப் போடட்டும். சாமிகிட்ட நான் அப்பவே சொல்லிட்டேன்.” “சாமிகிட்ட என்ன சொன்னே?” “அது எனக்கும் அவருக்கும்.” சொல்லிவிட்டு, போர்வைப் பொதியிலிருந்து இருப்பதிலேயே பெரிய துண்டாய்ப் பார்த்து எடுத்தாள். ஓசைப்படாமல் வைக்க அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றே, அவர் பார்க்க, கனலின் நடுவில் அதைத் தொப்பென்று போட்டாள். தீப்பொறிகள் எழுந்து புகைபோக்கிக்குள் பறந்தன.

அவர் தரையில் ஊன்றிய பாதங்களோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். செந்தரை அதற்குள் இளஞ்சூடாகியிருந்தது. எழவும் இல்லை, படுக்கவும் இல்லை. ஆவுடையம்மாள், கால் வைக்க மாட்டேன் என்ற அறைக்குள் வந்து, கஞ்சியை வைத்துவிட்டு, வந்ததை மறந்தவள்போலக் கணப்பின் பக்கம் உள்ளங்கைகளை நீட்டினாள். பெரிய துண்டின் கனத்தில் கனல் நசுங்கி, சுவாலை தாழ்ந்து, அறை சற்றே இருண்டது. அதைப் பார்க்கப் பார்க்க மேகலிங்கத்தின் புருவம் சுருங்கிற்று. அப்புறம் பொறுக்க முடியவில்லை.

“அதை ஏன் நடுவுல போட்டு அமுக்குதே? ஓரமாத் தள்ளி, சரிச்சு வை. அடியில காத்து போகட்டும்,” என்றார்.

உலகம்மை இடுக்கியை எடுத்தாள். இந்த ஒன்றில் அவர் சொல்வது சரிதான். துண்டைப் புரட்டி, ஓரத்தில் சரித்து வைத்தாள். சுவாலை மறுபடி எழுந்து மூவர் முகத்திலும் பட்டது.

இதைக் கேட்டவர்களே, காதில் வாங்கிய நீங்களும் உங்கள் வீட்டாரும் நன்றாயிருங்கள். உங்கள் நெஞ்சில் மூச்சு தடையின்றிப் போய்வரட்டும். உங்கள் கூரையின்கீழ் எவர் பாதமும் குளிர்ந்துபோகாதிருக்கட்டும். உங்களுக்காகத் தெய்வத்தோடு வழக்காட ஒருவர் எந்நாளும் வாய்க்கட்டும். அந்த வழக்கில் தெய்வம் மகிழ்ந்து தோற்கட்டும்.